ஆறு இல்லாத தரையில் தோட்டம்: நீர்வேலிக் கிணற்றுக் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். செம்பாட்டு மண்ணைப் பற்றிப் போன முறை கதைத்த காணொளிக்குக் கீழே, ஸ்காபரோவில் இருக்கிற ஒரு தம்பி ஒரு கேள்வி எழுதியிருந்தார். அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, நீர்வேலியில் அப்பப்பாவின் தோட்டக்காணி பத்துப் பரப்பு எனக்கு வந்திருக்கிறது. வாழையும் மாதுளையும் வைக்க விருப்பம். ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தட்டைத் தரை. பழைய கிணறு ஒன்று பற்றை மூடிக் கிடக்கிறது. பக்கத்துக் காணிக்காரர், 100 அடிக்குக் குழாய்க் கிணறு அடித்தால் வற்றவே வற்றாது என்கிறார். அப்பா வேண்டாம் என்கிறார், ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு ஆழம் போகலாம்?"

இதை வாசித்ததிலிருந்து எனக்கு நல்ல சந்தோஷம். தம்பியின் கேள்வியைவிட அந்த அப்பாவின் பதிலில்தான் சந்தோஷம் கூட. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கை வைக்கக் கூடாத இடம் எது என்று மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. காரணத்தை நான் சொல்லுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரை. தட்டைத் தரை என்று தம்பி சொன்னது முழுக்கச் சரி. நீர்வேலி இருக்கிற யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரம்கூட இல்லை. எந்த ஊரில் நின்றாலும் 10 கிலோமீற்றருக்குள் கடலோ கடல்நீரேரியோ வந்துவிடும். மலை இல்லாத இடத்தில் ஆறு எங்கிருந்து வரும்? வலிகாமத்தில் வழுக்கையாறு ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் குளத்துக்குக் குளம் வழிந்து, அராலிப் பக்கம் போய் நீரேரியில் விழுந்துவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் மாடு மேயும்.

ஆனால் மழை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. தம்பி இருக்கிற ரொறன்ரோவில் பனியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்கூட 800 மில்லிமீற்றர் சுற்றித்தான் வரும். வித்தியாசம் என்னவென்றால், எங்களுக்கு அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று ஒரு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதமெல்லாம் வெயிலும் காற்றும். ஆக, மூன்று மாதத்து மழையை மற்ற ஒன்பது மாதத்துக்கும் எங்கே வைத்திருப்பது என்பதுதான் இந்த ஊர் விவசாயத்தின் முழுப் பிரச்சினையும். வன்னியில் என்றால் குளம் கட்டினார்கள், இரணைமடு மாதிரி. இங்கே அப்படிக் கட்டுவதற்குப் பள்ளத்தாக்கே இல்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே நிற்கிறது? காலுக்குக் கீழே. செம்மண்ணை ஒரு முழம், இரண்டு முழம் தோண்டினால் பல இடங்களில் கல் வந்துவிடும். அது சுண்ணாம்புக்கல், கடலுக்கு அடியில் படிந்து உருவானது. வெடிப்பும் துவாரமும் பொந்துமாக இருக்கும். பெய்கிற மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி அந்தப் பொந்துகளில் போய் நிற்கிறது. அதனால்தான் ஆறில்லாத ஊரில் சித்திரை வெயிலிலும் வெங்காயம் பச்சையாக நிற்கிறது.

இனித்தான் முக்கியமான இடம். பழைய பார்வையாளர்கள் இப்போதே சிரிப்பார்கள், ஐயா திரும்பவும் போத்தலைத் தூக்கப் போகிறார் என்று. ஓம், தூக்கத்தான் போகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர், கொஞ்சம் நீலம் கலந்து. அதன் மேலே கரண்டியால் மெல்ல மெல்ல நல்ல தண்ணீரை ஊற்றினேன். கலக்கவில்லை. நல்ல தண்ணீர் மேலே, நீலம் கீழே. கடல் நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூட, அவ்வளவுதான் விசயம். எங்கள் காலுக்குக் கீழேயும் இதேதான் நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல் தண்ணீர் நாலு பக்கத்தாலும் வந்து நிற்கிறது. அதன் மேலே மழைத் தண்ணீர் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நடுவில் தடிப்பு, கடற்கரைப் பக்கம் போகப் போக மெல்லிசு.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர் ஒருவர் கண்டார், 1901இல் ஜேர்மனியில் இன்னொருவரும் தனியாகக் கண்டார். கைபன் - ஹேர்ஸ்பேர்க் என்று இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவார்கள். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். ஒன்றுக்கு நாற்பது. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து அந்த மட்டத்தை ஒரு அடி குறைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலே ஏறி வரும். நீங்கள் மேலே எடுத்தது ஒரு அடி, கீழே இழந்தது நாற்பது.

இப்ப பக்கத்துக் காணிக்காரரின் 100 அடியை யோசியுங்கள். கிணறு வற்றாது என்று அவர் சொன்னது உண்மைதான், கடல் எங்கே வற்றப் போகிறது? குழாயை ஆழமாக இறக்கி மோட்டரை விட்டால், குழாயின் வாய்க்கு நேர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் கூம்பு கூம்பாக மேலே எழும்பும். முதல் வருடம் தெரியாது. இரண்டாம் வருடம் தேத்தண்ணியில் ஒரு மாதிரி இருக்கும். பிறகு வாழை இலையின் ஓரம் கருகும். அதற்குள் அயலில் இருக்கிற கிணறுகளும் சேர்ந்து கெட்டிருக்கும், உப்புக்கு வேலி எல்லை தெரியாதே.

நம்பாதவர்கள் நிலாவரைக்குப் போங்கள். நீர்வேலியிலிருந்து தூரமில்லை, நவக்கிரியில் இருக்கிறது. அடியில்லாக் கிணறு, இராமர் அம்பு ஊன்றிய இடம் என்று ஊரில் கதை. சுற்றுலா வருகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது ஆழத்தை இல்லை. மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் எடுத்தால் உப்பு. சுண்ணாம்புக்கல் இடிந்து விழுந்து திறந்த பள்ளம் அது. குடாநாட்டின் நிலத்தடி எப்படி இருக்கிறது என்று கண்ணால் காணக்கூடிய ஒரு யன்னல். கீரிமலையில் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: கடலுக்குப் பக்கத்திலேயே கேணிக்குள் நன்னீர் ஊறிக்கொண்டிருக்கிறது. நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் கடலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற இடம்.

ஆகவே என்னுடைய பழைய பல்லவி: அகலமாக வெட்டுங்கள், ஆழமாக வேண்டாம், மெல்ல இறையுங்கள். தோட்டக் கிணறுகளை எங்கள் ஆட்கள் அகலமாக, 20, 25 அடி ஆழத்தில் வெட்டியதற்குக் காரணம், அதற்குக் கீழே தோண்ட ஏலாததால் மட்டும் இல்லை. அகலமான கிணற்றில் இரவு முழுக்கத் தண்ணீர் ஊறிச் சேரும். காலையில் சேர்ந்ததை இறைத்துவிட்டு நிற்பாட்டினால், கீழே இருக்கிற உப்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

அந்த நிற்பாட்டுகிற வேலையை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா, அதாவது ஏற்றம், தானாகவே செய்தது. இப்போது உள்ள பிள்ளைகள் துலாவைப் படத்தில்தான் கண்டிருப்பார்கள். ஆடுகாலில் நீண்ட பனை மரத் துலா, அதன் மேலே ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள், விழுந்தால் போச்சு. கீழே ஒருவர் தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடித்து ஊற்றுவார், இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியப் புறத்தில் தொடங்கி வெயில் ஏற முடிப்பார்கள். மனிதன் களைத்தால் கிணறும் ஓய்ந்துவிடும். அப்படி இறைத்து வளர்த்த புகையிலைதான் கப்பல் ஏறித் திருவிதாங்கூருக்குப் போனது. இலை குழையை மண்ணுக்குள் தாழ்த்தி, மாட்டுப் பட்டி கட்டி, எருப் போட்டு, துலா மிதித்து, அந்தக் காசில் கல்வீடு கட்டிய ஊர்கள் இவை. நான் துலாவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது முறிவேலை, முதுகு போய்விடும், அதை அழகு என்று சொல்லுகிறவர்கள் ஒரு நாளும் மிதித்திருக்க மாட்டார்கள்.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடி நீர் இறைக்கிற மிசின் வந்தது. 1970 தொடக்கம் 77 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலம் இருக்கிறதே, அப்போது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கண்ட காசு அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை. செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் லொறி லொறியாகத் தெற்குக்குப் போகும். காசு வந்தால் என்ன செய்வார்கள்? மிசின் வாங்குவார்கள், யூரியா வாங்குவார்கள். 77க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து விலை விழுந்தது, ஆனால் மிசினும் யூரியாவும் நின்றுவிட்டன. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற காலம், கழற்றிப் போட்ட துலாவைத் திரும்பத் தூக்கிக் கட்டியவர்களை நானே கண்டிருக்கிறேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோதும் எல்லோரும் கணக்குப் பார்த்துத்தான் இறைத்தார்கள். இப்ப சூரிய சக்தி மோட்டர் வருகிறது. நல்லது, எண்ணெய்ச் செலவு இல்லை. எனக்குப் பயமும் அதுதான். வெயில் இருக்கும் மட்டும் ஓடும், நிற்பாட்ட ஒரு காரணமும் இராது.

சிறுப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் இருக்கிறார். வயது போனவர், பெயர் சொல்லவில்லை, அவருக்கு விருப்பமில்லை. அவர் இறைக்கிறதைப் போய்ப் பாருங்கள். கிணற்றுக் கட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்தால் மிசினை நிற்பாட்டிவிட்டு, வரம்பில் இருந்து வெற்றிலை போடுவார். பாதித் தறை காய்ந்து கிடக்கும், அசைய மாட்டார். பின்னேரம் தண்ணீர் ஏறின பிறகு மிச்சம். வெங்காயத்துக்கு மூன்று நாளைக்கு ஒருக்கால் முறை வைத்துத் தறையைப் பிரித்திருக்கிறார். இரண்டு காணி தள்ளிக் குழாய்க் கிணறு அடித்தவருடைய பாத்தியில் வெங்காயத் தாள் நுனியெல்லாம் வெளிறிக் கருகி நின்றது, இவருடையது கரும்பச்சை. என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "மருந்தோ? உந்தக் கோடுதான்" என்றார்.

சரி, யூரியா என்று ஒரு சொல் விழுந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். மழை எந்தப் பொந்தால் இறங்குகிறதோ அதே பொந்தால் பசளையும் இறங்குகிறது. அதோடு எங்கள் ஊரில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். இரண்டிலிருந்தும் தண்ணீரில் சேருகிற நைத்திரேற்று குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் தோட்டம் நெருக்கமான பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு அது நல்லதில்லை. காய்ச்சினால் போகாது, காய்ச்சக் காய்ச்சக் கூடும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்து சில மாதத்தில் கைவிட்டார்களே, அந்த முட்டாள்தனத்தை நான் சொல்லவில்லை. பாத்திக்குத் தேவையானதைப் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அள்ளி எறியாதீர்கள் என்கிறேன்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்று தம்பி கேட்டார். எடுப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கிணற்றுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று இதுவரை ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பதில்களும் இருக்கின்றன. 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கதவு போட்டார்கள், கடல் நீரேரிக்குள் வராமல் மறித்து, மாரி மழையை உள்ளே தேக்கி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி விடுவதற்கு. ஆனையிறவு நீரேரியையும் நன்னீராக்கி வாய்க்காலால் இங்கே கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தார், யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்று. இன்று வரைக்கும் முழுதாக முடியவில்லை. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரப் பார்த்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2024இல் தாளையடியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தாயிற்று. குடிக்க உதவும். வெங்காயத்துக்கு அந்த விலைத் தண்ணீர் கட்டாது.

ஆனால் நான் சொல்ல வந்தது சின்னப் பதில். வயல். குடாநாட்டில் நெல் காலபோகம், அதாவது மாரிப் போகம், ஒன்றுதான், மழையை நம்பிப் புழுதியில் விதைப்பார்கள். மொட்டைக்கறுப்பன் மாதிரியான நெல். வரவு செலவு பார்த்தால் லாபம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, அதனால் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரம்பு கட்டின வயலில் மழைத் தண்ணீர் வாரக் கணக்கில் நிற்கிறது. நின்று கீழே இறங்குகிறது. ஒருவர் நெல் விதைத்தால் அயலில் உள்ள தோட்டக் கிணறெல்லாம் நிரம்புகிறது, அதற்கு ஒருவரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. அந்த வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டி, முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்து, மதில் எழுப்பி, வெள்ளம் நிற்கிறது என்று பிரதேச சபையிடம் முறைப்பாடு செய்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, பங்குனியில் கிணறு உவர்க்கிறது என்றால் நான் என்ன சொல்ல? குளங்களும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான சின்னக் குளங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. பாதியில் குப்பை, மீதியில் வேலி நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்துவிட்டது.

இப்ப உங்கள் காணி. நீர்வேலி என்றால் மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே செம்பாடு, வில்லையின் தடிப்பான பக்கம். கிழக்கே போகப் போக வயல், அதற்கப்பால் உப்பாறு என்கிற கடல்நீரேரி. ஒரே ஊர்ப் பெயர்தான், தண்ணீர் வேறு. குழாய்க் கிணறு வேண்டாம். பற்றையை வெட்டிப் பழைய கிணற்றைத் துப்புரவாக்கிச் சேறு எடுங்கள், பங்குனி, சித்திரையில் ஒருக்கால், மழை முடிந்து தையில் ஒருக்கால் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். உவர் கொஞ்சம் இருந்தால் மாதுளை தாங்கும், வாழை தாங்காது. பத்துப் பரப்பு என்றால் அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட, சொட்டுநீர் குழாய் போட்டால் அந்தக் கிணறே போதும். ஐப்பசிக்கு முதல் நிலத்தை உழுது, சுற்றி வரம்பு உயர்த்தி, சணலை விதைத்துவிடுங்கள். பெய்கிற மழை காணியை விட்டு ஒரு துளியும் வெளியே போகக் கூடாது. பூக்கிற நேரம் சணலை மடக்கி உழுதால் பசளையும் ஆயிற்று. பூவுக்கு முன்னால் நின்று படம் எடுக்க ஆட்கள் வருவார்கள், எடுத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, வேலையைத் தொடங்க முதல் அப்பாவிடம் காணி உறுதியை வாங்கி வாசியுங்கள். எங்கள் பழைய உறுதிகளில் காணியின் எல்லையோடு, கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்று எழுதியிருக்கும். அந்தக் கிணறு உங்கள் காணிக்குள் இருந்தாலும் முழுக்க உங்களுடையதாக இராமல் இருக்கலாம், பக்கத்துக் காணிக்காரருக்கும் அதில் பங்கு இருக்கலாம். அப்படி இருந்தால் நல்லது, அவரையும் கூப்பிட்டு இறைப்பு முறை பேசுங்கள். அவருக்கும் குழாய்க் கிணறு தேவைப்படாது. உறுதியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள் தம்பி, கிழக்கா மேற்கா என்பதையும் சேர்த்து. நெடுந்தீவில் கல்வேலிக்குள் எப்படிப் பயிர் செய்தார்கள் என்று கேட்ட பிள்ளைக்கு அடுத்த முறை சொல்லுகிறேன்.